எடுத்துக்கொண்ட படம்

சென்னை ஃபோட்டோ பியனாலே என்னும் ஒளிப்படத் திருவிழா, நான்காவது முறையாக 2024 டிசம்பரில் தொடங்கி மறு ஆண்டு மார்ச் வரை நடந்தது. அம்முறை விழாவுக்கு அவர்கள் வைத்திருந்த தலைப்பே ஒரு கேள்வி: எதற்காகப் படம் எடுக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலையும் எங்கள் குழுவில் இதைப் பற்றி நிறையப் பேசினோம். கணத்தை நிறுத்திவைப்பதற்காக என்றார் ஒருவர். சாட்சியாக இருப்பதற்காக என்றார் இன்னொருவர். மூன்றாவது நண்பர், லென்ஸுக்குக் கட்டும் மாதத் தவணை வீணாகக்கூடாது என்பதற்காக என்றார். அவர் சொன்னதில்தான் உண்மை அதிகம் என்று எனக்குப் பட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் காசிமேட்டில் ஒரு வீட்டில் கிட்டத்தட்ட இதே கேள்வியின் முன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவன் நான். அதை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஆரணி. எங்கள் தெருமுனையில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அதை நடத்தியவரை ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோருமே ஸ்டூடியோ மாமா என்றுதான் அழைத்தார்கள். முன்னறையில் ஒரு கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, ஆணியில் தொங்கும் கோட்டு ஒன்று. அந்தக் கோட்டை அணிந்து படம் எடுத்துக்கொள்ளாத ஆண்மகன் எங்கள் தெருவில் இல்லை. யாருக்கும் அது அளவாக இருந்ததும் இல்லை. உள்ளறையில் மாளிகையும் தோட்டமும் வரைந்த திரை. அதற்கும் உள்ளே, சிவப்பு பல்பு எரியும் டார்க் ரூம். பள்ளி விடுமுறைகளில் எனக்கு அங்கே சில்லறை வேலைகள் உண்டு. ஹைபோ கரைப்பேன், கழுவிய பிரிண்டுகளைக் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பேன். நெகட்டிவின் மேல் கூர்சீவிய பென்சிலால் அம்மைத் தழும்புகளை மாமா மறைப்பதை மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டு படம் எடுக்கக்கூடிய 120 ரோலில் ஒன்றுகூட வீணாகக்கூடாது என்பது அவர் கட்டளை. ‘கண்ணை மூடிட்டாங்கன்னா தப்பு அவங்களோடது இல்ல, நம்மளோடது’ என்பார்.

அந்த ஸ்டூடியோவில் என்னை மிகவும் கவர்ந்தது காமிரா அல்ல, பேரேடு. நீளமான, கெட்டி அட்டை போட்ட கணக்குப் புத்தகம். எண், தேதி, பெயர், எத்தனை காப்பி, முன்பணம், பாக்கி. ஒவ்வொரு நெகட்டிவும் ஒரு சின்னக் காகித உறையில் போடப்பட்டு, அதே எண் எழுதப்பட்டு, பிஸ்கட் டின்களில் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு முறை சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், பதினோரு ஆண்டுகளுக்கு முன் தன் தகப்பனார் இங்கே படம் எடுத்துக்கொண்டார் என்றும், அவர் இறந்துவிட்டார் என்றும் சொன்னார். மாமா ஆண்டு மட்டும் கேட்டார். கால் மணி நேரத்தில் அந்த உறை கையில் இருந்தது. மாலைக்குள் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் படம் தயார். வந்தவர் காசை எண்ணிக்கொடுத்துவிட்டு அந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி பேருந்துக்கு நடந்தது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அப்போது அது எனக்கு ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. கடை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழ்ப் பேராசிரியன் என்பதால் ஒரு சிறு இலக்கணக் குறிப்புக்கு வாசகர்கள் இடம் தர வேண்டும். நம் ஊரில் ஸ்டூடியோவுக்குப் போய் வந்த ஒருவர் என்ன சொல்வார்? ‘போட்டோ எடுத்துக்கிட்டேன்’ என்பார். பொத்தானை அழுத்தியவர் வேறொருவர். ஆனால் அந்த வாக்கியத்தின் எழுவாய், ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தவர்தான். ‘கொள்’ என்னும் துணைவினை செய்யும் வேலை அது. செயலின் பயன் செய்தவருக்கே வந்து சேர்கிறது என்பதை அந்த ஒற்றைச் சொல் காட்டிவிடுகிறது. நமக்காக நாமே எடுத்துக்கொண்ட படம். காமிராக்காரர் அதில் ஒரு கருவி மட்டுமே. இதற்கு நேர்மாறாக, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் செய்வது எடுப்பது, வெறுமனே எடுப்பது. புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்று பெயர்ச்சொல்லுக்காக எத்தனையோ கட்டுரைகளில் சண்டை போட்டிருக்கிறோம். வினைச்சொல்லை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் கவனிக்கவில்லை, 2016 வரை.

கல்லூரி வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தபோது டிஜிட்டல் காமிராக்கள் நடுத்தர வர்க்கத்தின் கைக்கெட்டும் விலைக்கு இறங்கிக்கொண்டிருந்தன. நானும் தவணையில் ஒரு நிக்கான் டி90 வாங்கினேன். இணையத்தில் பிளிக்கர் வழியாக அறிமுகமானவர்கள் வார இறுதிகளில் கூடி நகரத்தைச் சுற்றத் தொடங்கியிருந்த காலம். பெரும்பாலும் மென்பொருள் துறை இளைஞர்கள். நடுவே ஒரு பல் மருத்துவர், ஒரு வங்கி மேலாளர், தமிழ் வாத்தியார் நான். விடியற்காலை ஐந்தரைக்கு ஏதாவது ஒரு ரயில் நிலைய வாசலில் கூடுவோம். ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழா, பழவேற்காடு, செயின்ட் தாமஸ் மலை. பத்து மணிக்கு இட்லி வடை. அந்த நாட்களின் தோழமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த நகரத்தை எனக்கு அறிமுகப்படுத்தியதே அந்த நடைகள்தான். ஆரணிக்காரனாகவே சென்னையில் பல வருடம் கழித்துவிட இருந்தவன், அவர்களால் தெருத்தெருவாக நகரத்துக்குள் வந்தேன்.

பழமையான மரபு என்ற பெருமையும் எங்களுக்கு உண்டு. 1850களிலேயே மதராஸில் ஒளிப்படக்காரர்களுக்கு ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. காப்டன் லின்னேயஸ் ட்ரைப் மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் நியமிக்கப்பட்டு, திருவரங்கம், மதுரை, தஞ்சை என்று மெழுகிட்ட காகித நெகட்டிவ்களோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் அவர் உருவாக்கிய தொடர்படத்தைப் பற்றிப் பேசாமல் எங்கள் கூட்டங்கள் முடிவதில்லை. ட்ரைப்பின் படங்களில் மனிதர்கள் அரிது. காமிரா நெடுநேரம் திறந்திருக்க வேண்டியிருந்த காலம், அசைந்தவர் அழிந்துபோவார். கல் அசையாது. செலவைக் காரணம் காட்டி ஆளுநர் ட்ரெவெல்யன் அந்த வேலையை நிறுத்திவிட்டார் என்பதையும் சொல்லி, அன்றைக்கும் இப்படித்தான் என்று பெருமூச்சு விடுவோம்.

2004இலிருந்து கொண்டாடப்படும் சென்னை தினத்தை ஒட்டி ஒவ்வோர் ஆகஸ்டிலும் நகரத்தில் கண்காட்சிகள் நடக்கும். ஆகஸ்ட் 19 உலக ஒளிப்பட நாள், 22 சென்னையின் பிறந்தநாள் என்று இரண்டும் ஒரே வாரத்தில் வருவது எங்களுக்கு வசதி. இவை தவிரப் போட்டிகள். சர்வதேசப் போட்டிகளில் இத்தனை படங்கள் ஏற்கப்பட்டால் இந்தப் பட்டம் என்று ஒரு கணக்கு உண்டு. பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக்கொள்வதற்காகக் கூவாகத்துக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் ஆண்டுதோறும் படையெடுப்பவர்கள் உண்டு. கூவாகத்தில் தாலியறுத்து அழும் திருநங்கை ஒருவரைச் சுற்றி இருபது லென்ஸுகள் வட்டமாகக் குனிந்திருந்ததை ஒரு முறை பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதுவது பாதி உண்மை. இருபத்தொன்றாவது லென்ஸ் என்னுடையது.

2011 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, காசிமேட்டுக்குப் போனோம். மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். படகுகள் அணைவதும், கூடைகள் கைமாறுவதும், ஐஸ் உடைபடும் ஓசையும், ஏலக்காரரின் குரலும் சேர்ந்து படக்காரர்களுக்கு அது ஒரு திருவிழா. நாற்பது பேர் இறங்கினோம். வேலை செய்பவர்களுக்கு நாங்கள் எவ்வளவு இடைஞ்சல் என்பது அவர்கள் திட்டும் வரை எங்களுக்கு உறைப்பதில்லை. சூரியன் எழுந்து சற்று நேரத்தில், சங்கரா மீன்களைக் கூறு கட்டி வைத்திருந்த ஒரு மூதாட்டியைக் கண்டேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எதிர்வரிசைப் பெண் ஏதோ சொல்ல, இவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வெற்றிலைக் காவியேறிய பற்கள் தெரியச் சிரித்தார். பக்கவாட்டிலிருந்து வந்த வெளிச்சம் முகச் சுருக்கங்களில் விழுந்தது. பின்னால் படகுகளின் கொம்புகள், கடல். அழுத்தினேன். நல்ல படம் விழுந்துவிட்டது என்பது கைக்குத் தெரியும் தருணங்கள் ஒருவனுக்கு வாழ்க்கையில் நாலைந்து வாய்த்தால் அதிகம். அது அத்தகையது.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். கோபிக்கவில்லை. ‘இன்னாப்பா, என்னப் போயி புடிக்கிற? எப்பிடி கீது காட்டு’ என்றார். காமிராவின் பின்திரையில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மறுபடியும் சிரித்தார். ‘படத்த குடுப்பியா?’

‘அடுத்த வாரம் கொண்டாந்து தரேன் ஆயா.’

‘இப்பிடித்தான் அல்லாரும் சொல்றானுங்கோ’ என்றார். சொன்னதில் குறை கூறும் தொனி இல்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

அடுத்த வாரம் நாங்கள் மகாபலிபுரம் போனோம்.

அந்தப் படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். அன்றைக்கு அது எங்களிடையே ஒரு வழக்கம். ஏழ்மை, முதுமை, உழைப்பு எல்லாம் கறுப்பு வெள்ளையில்தான் கௌரவமாகத் தெரியும் என்று ஏனோ நம்பினோம். ‘நெய்தல்’ என்று தலைப்பிட்டேன். யாராவது திருடிவிடுவார்களோ என்ற அச்சத்தில், எண்ணூறு புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, வலது கீழ்மூலையில் என் பெயரைப் பொறித்து இணையத்தில் ஏற்றினேன். அவ்வாண்டு ஆகஸ்டுக் கண்காட்சியில் அதற்கு இரண்டாம் பரிசு. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல பிரிண்டின் முன் நின்று பலர் என் கையைக் குலுக்கினார்கள். கண்காட்சி முடிந்ததும் பிரிண்டுகளை வந்து பெற்றுக்கொள்ளும்படி சொன்னார்கள். தேர்வுத்தாள் திருத்தும் வேலையில் போகவில்லை. 2013இல் என் ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டது. ரிச்சி தெருவில் மீட்டுத்தர பதினைந்தாயிரம் கேட்டார்கள். அப்படி என்ன பெரிய பொக்கிஷம் இருந்துவிடப்போகிறது என்று திரும்பி வந்துவிட்டேன். மாமாவின் பிஸ்கட் டின்கள் அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை.

2016இன் தொடக்கத்தில்தான் முதல் பியனாலே நடந்தது. பூங்காக்களிலும் ரயில் நிலையங்களிலும்கூடப் படங்களை வைத்தார்கள். படம் என்றால் கூடத்துக்குள் குளிர்சாதனத்தில் இருப்பது என்ற எண்ணத்தை அது உடைத்தது. அந்த உற்சாகத்தில், இளங்கலை இரண்டாம் ஆண்டுக்கு ஐந்திணை நடத்தும்போது ஒவ்வொரு திணைக்கும் நானே எடுத்த படம் ஒன்றைத் திரையில் காட்டலாம் என்று முடிவு செய்தேன். குறிஞ்சிக்குக் கொல்லிமலை, மருதத்துக்குத் தஞ்சை வயல். நெய்தலுக்கு வந்தபோது மூதாட்டியின் சிரிப்பு திரையை நிறைத்தது. உப்பும் மீனும் நெல்லுக்கு மாறிய பண்டமாற்று, பரதவர் மகளிர் என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். வகுப்பில் அதிகம் பேசாதவன்.

‘ஐயா, அது எங்க ஆயா.’

வகுப்பு சிரித்தது. நானும் அவன் கிண்டல் செய்கிறான் என்று நினைத்துப் புன்னகைத்தேன். அவன் உட்காரவில்லை. ‘எங்க அம்மாவோட அம்மா ஐயா. செத்துட்டாங்க. ரெண்டு வருசமாச்சு’ என்றான்.

வகுப்பு முடிந்து துறை அறைக்கு வந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெரிய அளவில் ஒரு படம் கிடைக்குமா? வீட்டில் ஆயாவின் படமே இல்லை. இருந்த ஒன்றிரண்டும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி 2004 டிசம்பரில் சுனாமியோடு போய்விட்டது. கண்டிப்பாகத் தருகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தருவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு வாரம் தேடினேன். கண்காட்சி நடத்தியவர்களிடம் கேட்டேன். இடம் மாறியபோது பழைய பிரிண்டுகளை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஐந்து ஆண்டு கழித்துக் கேட்பவனுக்குக் கோபப்பட உரிமை இல்லை. ஹார்ட் டிஸ்கை வீடு மாறும்போது எறிந்துவிட்டிருந்தேன். எஞ்சியது இணையத்தில் இருந்த எண்ணூறு புள்ளி. அதை அஞ்சலட்டை அளவுக்கு மேல் பெரிதாக்கினால் முகம் சிதைந்தது. பழைய நண்பர்களிடம், அன்று அவரை வேறு யாராவது எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். நாற்பது பேரில் மூவர் எடுத்திருந்தார்கள். ஒன்றில் கைகள் மட்டும், மற்றொன்றில் மீன்கள் மட்டும், மூன்றாவதில் முதுகு. எல்லாம் நல்ல படங்கள்தாம்.

அந்த நாட்களில் வேறொரு கட்டுரைக்காக மதராஸ் ஒளிப்பட வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்று ஒரு ராணுவ அதிகாரி. 1876 முதல் 78 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்துப் படம் எடுத்தவர். பின்னர் பர்மாவில், மரண தண்டனை நிறைவேறும் கணத்தைப் படமெடுக்க முற்பட்டதற்காக விசாரணைக்கு உள்ளானவர். அவருடைய பஞ்சப் படங்களை எங்கள் கூட்டத்தில் ஒருவர் திரையிட்டபோது நாங்கள் எல்லோரும் வெகுண்டோம். இவனெல்லாம் மனிதனா என்றார் ஒரு நண்பர். அந்தப் படங்களில் இருப்பவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை என்று நானும் வருத்தத்தோடு பேசியிருக்கிறேன். இப்போது அதே பக்கங்களைப் புரட்டுகையில் எனக்கு வேறு நினைப்பு வந்தது. ஹூப்பரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வது மிகை. பட்டினிக்கும் சங்கரா மீனுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ஆனால் மூதாட்டியின் பெயரை நானும் கேட்டிருக்கவில்லை. திணைப் பெயரை அல்லவா இட்டிருந்தேன்.

அஞ்சலட்டை அளவில் ஒரு பிரிண்ட் போட்டு, நல்ல சட்டமாகத் தேர்ந்து, ஒரு ஞாயிறன்று மாணவனோடு போனேன். வாரியக் குடியிருப்பில் இரண்டாம் மாடி. குளிர்பதனப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு படம், பிளாஸ்டிக் மாலை, சின்ன பல்பு. வாக்காளர் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம் அது. இந்த வேலையை இன்று எந்த ஸ்டூடியோவிலும் செய்துகொடுப்பார்கள். தேர்தல் அலுவலகத்தில் வரிசையில் நிற்கவைத்து அரை நிமிடத்தில் எடுத்த முகம். கண்கள் விரிந்து, வாய் இறுகி, பயந்துபோன யாரோ ஒருவர். நான் பார்த்த பெண்மணி அவர் அல்ல.

மாணவனின் தாய் படத்தை இரு கைகளாலும் வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். ‘சிரிக்கிறாங்க பாரு’ என்று உள்ளே யாரையோ கூப்பிட்டார். அண்டை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். படம் கை மாறிக்கொண்டே இருந்தது. யார் என்ன சொல்லி ஆயா சிரித்திருப்பார் என்று ஒரு சிறிய விவாதமே நடந்தது. எதிர்வரிசையில் உட்காரும் இன்ன பெண்ணாகத்தான் இருக்கும் என்று முடிவாயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் நான் கேட்ட விமரிசனத்தைப் போல எந்த நடுவர் குழுவும் அந்தப் படத்துக்குச் சொன்னதில்லை.

பிறகு அந்த அம்மாள் கேட்டார்: ‘கலர்ல இல்லீங்களா சார்?’

இல்லை என்றேன்.

‘இன்னா கலர் பொடவ கட்டியிருந்தாங்க அன்னிக்கி?’

யோசித்துப் பார்த்தேன். நான் அதைப் பார்த்திருக்கிறேன். என் காமிராவும் பார்த்திருந்தது. கணினியில் ஒரு கட்டளை கொடுத்து நானே அதை அழித்தேன். நினைவில் எதுவும் இல்லை. வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது இன்றைக்கும் துல்லியமாகச் சொல்வேன். புடவையின் நிறம் தெரியவில்லை.

‘மஞ்சக் கலர் ஒண்ணு வெச்சிருந்தாங்கோ, பொங்கலுக்கு முன்ன வாங்கனது. அதுவாத்தான் இருக்கும்’ என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு மூலையில் விரலை வைத்து, ‘இது இன்னா எய்திருக்குது?’ என்று கேட்டார்.

‘அது என் பேரும்மா.’

‘ஓ’ என்றார். அவ்வளவுதான். ஆயாவின் பெயர் என்ன என்று நான் அப்போதுதான் கேட்டேன். சொன்னார்கள். அதை இங்கே எழுத அவர்களிடம் அனுமதி வாங்கவில்லை என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

இதையெல்லாம் குழுவில் சொன்னேன். மனம் கனத்துப்போனதாகச் சிலர் சொன்னார்கள். சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர், எடுக்கப்படுபவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் பிரச்சினையே இல்லை என்று ஒரு மாதிரிப் படிவத்தை எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். பிரச்சினை யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த நடைக்கு முன், போன முறை எடுத்தவர்களுக்கான பிரிண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்கலாம் என்று ஒரு யோசனை வைத்தேன். ஆறு மாதம் நடந்தது. ஒரு பிரிண்டுக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது. ஆனால் போன இடத்துக்கே திரும்பப் போக வேண்டும். அதுதான் அவர்களுக்குச் சலிப்பாக இருந்தது. புதிய இடம், புதிய முகம் என்பதுதானே இந்தப் பொழுதுபோக்கின் கவர்ச்சி. இப்போது நாங்கள் மூன்று பேர் மட்டும் செய்கிறோம். பல் மருத்துவர் பின்னால் பெயர் எழுதி, தேதி போட்டு, உறையிலிட்டுக் கொடுக்கிறார். அவருக்கு இயல்பாகவே ஒழுங்கு அதிகம்.

நகரத்தின் மற்ற பக்கங்களில் நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2019 பியனாலேயில் புஷ்பமாலா தொகுத்த படங்களைச் செனட் ஹவுஸின் வண்ணக் கண்ணாடிகளுக்குக் கீழே பார்த்தது மறக்க முடியாத அனுபவம். மலக்குழிகளில் உழைப்பவர்களையும் மீனவப் பெண்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்துவரும் பழனிக்குமார், அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே காமிராவைக் கொடுத்துப் பயிற்சி தருகிறார். அவர்கள் எடுத்த படங்களில் தாயும் தெருவும் வேறு விதமாக இருக்கிறார்கள், யாரும் விறைப்பதில்லை. சிற்றூர் ஸ்டூடியோக்களின் பழைய படங்களையும் நெகட்டிவ்களையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தேடித் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்ணியல் வடிவில் காத்துவைக்கிறார்கள். அதை அறிந்தபோது ஆரணிக்குத் தொலைபேசினேன். மாமா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. டின்களையெல்லாம், வெள்ளி எடுப்பதற்காக நெகட்டிவ் வாங்க வந்தவரிடம் எடை போட்டுக் கொடுத்துவிட்டதாக அவர் மகன் சொன்னார். பேரேடுகள் மட்டும் பரணில் இருக்கின்றனவாம். எண்கள், பெயர்கள், எத்தனை காப்பி என்ற கணக்கு. படங்கள் இல்லாத பேரேடு அவரிடம். பெயரில்லாத படங்கள் என்னிடம்.

2018இல் மாணவன் படிப்பு முடித்து வேலைக்குப் போன பின், புதுவீடு குடிபுகுவதற்கு என்னை அழைத்திருந்தான். கூடத்துக்குள் நுழைந்ததும் அந்தப் படம். திடுக்கிட்டுப் போனேன். என் அஞ்சலட்டைப் படத்தை ராயபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, வண்ணம் ஏற்றியிருந்தார்கள். படகுகள் இல்லை, கடல் இல்லை, மீன்கள் இல்லை. முகத்தையும் தோளையும் மட்டும் வெட்டி, வானநீலப் பின்னணியில் வைத்திருந்தார்கள். நம் ஊரில் இறந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேரும் அதே நீலம். புடவை பளிச்சென்ற மஞ்சள். உதட்டிலும் பற்களிலும் வெற்றிலைச் சிவப்பு. முகத்தின் சுருக்கங்களை ஸ்டூடியோக்காரர் பாதிக்கு மேல் துடைத்திருந்தார். கீழே ஆயாவின் பெயர், பிறப்பு, மறைவு. என் பெயர் இருந்த மூலை வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

முதல் கணத்தில் எனக்கு வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். அந்த வெளிச்சம், அந்தச் சுருக்கங்கள், பின்னணியின் ஆழம் என்று என்னென்னவோ மனதில் ஓடின. வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல படத்தை இப்படிப் பண்ணிவிட்டார்களே. பந்தியில் உட்கார்ந்தபோதும் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. வந்தவர்களெல்லாம் அந்தப் படத்தின் முன் ஒரு நொடி நின்று, தங்களை அறியாமலேயே சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். குழந்தை ஒன்று ‘தாத்தா’ என்றது. ‘தாத்தா இல்லடா, பெரிய ஆயா’ என்று யாரோ திருத்தினார்கள்.

கிளம்பும்போது மாணவனின் தாய் வாசல் வரை வந்தார். ‘காமிரா கொண்டாந்திருக்கீங்களா சார்?’ என்றார். பையில் இருந்தது. பழக்கதோஷம்.

‘எனக்கும் ஒண்ணு எடுத்துக்கிறேன் சார். இப்பவே. பின்னாடி புள்ளைங்க அலையக்கூடாது பாருங்க. கலர்ல எடுங்கோ.’

எத்தனை காப்பி வேண்டும் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி, ஆறு என்றார். குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதி, ஆறு என்று குறித்துக்கொண்டேன். இருங்கள், வேறு புடவை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனார். நானும் மாணவனும் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தோம்.